விளக்கு வைத்த பிறகு வேலை இல்லை

தாய்மார் தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற வீடியோக்கள் என் போனில் ஓயாமல் வந்து விழுகின்றன. விடிய நான்கரைக்கு எழும்பித் தியானம் செய்யுங்கள், முகத்துக்குக் கற்றாழை பூசுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள், பிள்ளைக்கு விளையாட்டோடு விளையாட்டாகக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். எல்லாம் நல்ல விசயம்தான். ஆனால் விடிய நான்கரைக்கு நான் ஏற்கெனவே எழும்பித் தேங்காய் துருவிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நேரத்திலேயே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காகச் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாகச் சந்தியில் நிற்கிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்த் தியானத்தைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள், தெரியும்.

இந்த அறிவுரைகளில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். அம்மா களைத்துப்போய்விட்டாள் என்று கண்டுபிடிக்கிறார்கள், பிறகு அந்தக் களைப்பைப் போக்குகிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். அவள் நேரம் ஒதுக்க வேண்டுமாம், அவள் இல்லை என்று சொல்லப் பழக வேண்டுமாம். வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது லண்டனில் இருக்கிற மச்சாளால். அவ வட லண்டனில் ஒரு யூத வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை செய்கிறா. பக்தியான குடும்பம், ஆறு பிள்ளைகள். மச்சாள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவா, நான் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில் கேட்பேன். ஒரு நாள் இப்படிச் சொன்னா: “வெள்ளி பின்னேரம் போனை ஓஃப் பண்ணினா சனி இருட்டினாப் பிறகுதான் தொடுவினம் மச்சாள். லைட் சுவிச்சே தொடமாட்டினம். அந்த அம்மா கிழமை முழுக்க நிண்டுகொண்டேதான் சாப்பிடுறவ. வெள்ளி இரவு மட்டும் கதிரையில இருந்து, முழுசாச் சாப்பிட்டு முடிக்கிறா.”

கதிரையில் இருந்து முழுசாகச் சாப்பிட்டு முடிக்கிறா. நான் கடைசியாக அப்படிச் சாப்பிட்டது எப்போது என்று யோசித்தால் யாரோ வீட்டுக் கலியாணப் பந்திதான் ஞாபகத்துக்கு வருகிறது.

சரி, இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு கேள்வி வரும். இஸ்ரேல் அரசு செய்வதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த சனத்துக்குக் குண்டு விழுகிற இடத்துப் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் கதைப்பது அந்த அரசியலை அல்ல. பல நாடுகளில் சிதறி, துரத்தப்பட்டு, போன இடமெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்ட தாய்மாரின் அடுப்படிக் கதை இது. அதில் நாங்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அவர்களுடைய ஷபாத் என்கிற ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறைய முன்பே தொடங்குகிறது. பொதுவாகச் சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன்னர் வீட்டுப் பெண் மெழுகுதிரி ஏற்றுவா, எருசலேமில் 40 நிமிடத்துக்கு முன்னர். லண்டன் குளிர்காலத்தில் அது பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே வந்துவிடும், கோடையில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்று மச்சாள் சொல்கிறா. எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, வருடம் முழுக்க ஆறு மணியைச் சுற்றித்தான் பொழுது படும். திரி ஏற்றியதும் சமையல் இல்லை, துவைப்பு இல்லை, தையல் இல்லை, எழுத்து இல்லை. இப்படி 39 வகை வேலைகளை அவர்களுடைய சட்ட அறிஞர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே வாங்கல் விற்றலும் இல்லை. சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும், கிட்டத்தட்ட 25 மணித்தியாலம். முடிகிறபோதும் சும்மா முடியாது. பின்னிய மெழுகுதிரியை ஏற்றி, கராம்பு போல ஏதாவது வாசனைச் சரக்கை வீட்டார் எல்லாரும் முகர்ந்து பார்த்து, திரியைத் திராட்சை இரசத்தில் அணைத்து, அதற்குப் பிறகுதான் கிழமை தொடங்கும்.

இப்போது எங்கள் வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். வீடு கழுவ வேண்டும், முற்றம் கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும், தலை முழுக வேண்டும், மச்சம் இல்லாத சமையல், அதற்குச் சட்டி பானை வேறு. பின்னேரம் கோயில், செக்கல் பொழுதில் விளக்கு. நாளும் அதே வெள்ளி, நேரமும் அதே செக்கல், விளக்கை ஏற்றுகிற கையும் பெண்ணின் கைதான். அங்கே விளக்கு ஏற்றினால் வேலை நிற்கிறது. இங்கே விளக்கை ஏற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய் இரவுச் சாப்பாட்டுக்கு மா குழைக்கிறோம். எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் பட்டது. அந்த அம்மா ஓய்வு கேட்டு யாரோடும் சண்டை பிடிக்கவில்லை, நேரம் ஒதுக்கவில்லை, இல்லை என்று சொல்லிப் பழகவில்லை. மணி வந்தது, நின்றது. புருசனும் நிற்கிறார், பிள்ளையும் நிற்கிறது, கடையும் நிற்கிறது. யாரும் அவளுக்குத் தனியாக அனுமதி கொடுக்கவில்லை, அதனால் யாரும் அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது.

காசைத் தொடக் கூடாது என்கிற விதிதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. எங்கள் பக்கம் குழுக்கடன் எடுக்காத ஒழுங்கை கிடையாது. கிழமைக் கட்டுப்பணத்துக்கு நாள் குறித்திருக்கும், அந்த நாளுக்கு முதல் இரவு எத்தனை வீட்டில் நித்திரை இல்லை என்பது அந்தந்த வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். கிழமையில் ஒரு நாள் உன்னிடம் யாரும் காசு கேட்க முடியாது, நீயும் யாரிடமும் கேட்க முடியாது, கணக்குக் கொப்பியைத் திறக்கவே கூடாது என்று ஒரு சட்டம் இருந்தால்! கற்றாழை பூசுவதை விட அது முகத்துக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

அதற்காக அவர்களுடைய பெண்கள் எல்லாரும் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஓய்வுநாள் தானாக வருவதில்லை. வெள்ளி பகல் முழுக்க அந்த வீடு யுத்தகளம் என்கிறா மச்சாள். இரண்டு ரொட்டி பின்னிச் சுட வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு முன்கூட்டியே முடிய வேண்டும், பிள்ளைகள் ஆறு பேரும் குளிக்க வேண்டும். சனி மத்தியானத்துக்குச் சூடான சாப்பாடு வேண்டும், ஆனால் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் அவரை விதை, பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு வெள்ளி பொழுது பட முன்னரே மெல்லிய சூட்டில் ஏற்றிவிடுவார்கள், அது இரவு முழுக்கத் தானே வேகும். சோலண்ட் என்று பெயர். பாஸ்கா பண்டிகைக்கு முன்னர் புளித்த மா ஒரு துணுக்கும் வீட்டில் இருக்கக் கூடாது என்பதால் கட்டில் கீழ், அலுமாரி இடுக்கு, பிள்ளைகளின் சட்டைப் பை என்று பெண்கள் வாரக்கணக்கில் துப்புரவு செய்து ஓய்ந்துபோவார்களாம். கடைசியில் அவர்களுடைய மதகுருமாரான ரபிமாரே ‘தூசி வேறு, புளித்த மா வேறு, உங்களை நீங்களே வதைக்காதேங்கோ’ என்ற கருத்தில் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன்னர் எங்கள் மாமி வீட்டுக் கூரையைப் பார்க்கிற பார்வை எனக்கு ஞாபகம் வந்தது.

வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் புருசன் மனைவியைப் புகழ்ந்து பாடுகிற பாட்டு ஒன்றும் இருக்கிறது. மடுவுக்குப் போய் வருகிற கத்தோலிக்கச் சகோதரிகளுக்குத் தெரிந்ததுதான், நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் வருகிற குணசாலியான பெண். எபிரேயத்தில் அந்த 22 வசனங்களும் எங்கள் ஆத்திசூடியைப் போல எழுத்து வரிசையில் தொடங்கும். நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் இருட்டோடு எழும்பி வீட்டாருக்குச் சாப்பாடு கொடுக்கிறாள், இரவில் அவளுடைய விளக்கு அணைவதில்லை, நடுவில் வயல் வாங்குகிறாள், நூல் நூற்கிறாள், துணி நெய்து விற்கிறாள். அவள் எப்போது படுக்கிறாள் என்று ஒரு வசனமும் இல்லை. புகழ்ச்சி எங்கே போனாலும் இப்படித்தான்.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் யார் யாருக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் ஊரில் தங்கியிருக்கிற அந்நியன். மனைவியைக் காணோம். ‘நீ’ என்பதற்குள் அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள், சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனால் மாட்டைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்! நாங்களும் சிரிக்க முடியாது. தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கல் என்று மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொங்கிக் கொடுக்கிறோம். அந்தப் பொங்கலைப் பொங்குகிறவளுக்கு என்று ஒரு பொங்கல் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தேடத் தேட இன்னும் சில வந்தன. ஹனுக்கா என்று எட்டு நாள் விளக்கீட்டுப் பண்டிகை அவர்களுக்கு உண்டு. அந்த விளக்குகள் எரிகிற அரை மணித்தியாலமாவது பெண்கள் வேலை செய்வதில்லை என்பது நூற்றாண்டுகளாக வருகிற வழக்கம், சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. மாதப் பிறப்பும் அப்படித்தான். அமாவாசை கழிந்து புதுப் பிறை வருகிற நாள் பெண்களுக்குரிய சிறு விடுமுறை. பாலைவனத்தில் பொன் கன்றுக்குட்டி செய்ய ஆண்கள் நகை கேட்டபோது பெண்கள் கழற்றிக் கொடுக்க மறுத்தார்களாம், அதற்குக் கிடைத்த பரிசு என்று கதை. எங்களுக்கு அமாவாசை என்றால் விரதச் சமையல், படையல், கூடுதலாக ஒரு கறி. போயா என்கிற பௌர்ணமி வந்தால் நாடு முழுக்க லீவு, பள்ளிக்கூடம் லீவு, கந்தோர் லீவு, வீட்டில் எல்லாரும் நிற்பதால் அடுப்புக்கு மட்டும் இரட்டை வேலை.

இன்னொன்று தல்மூத் என்கிற அவர்களுடைய பழைய சட்ட விவாத நூலில் வருகிறது. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது, ஆனால் பிள்ளை பெறுகிற பெண்ணுக்காக விளக்கு ஏற்றலாம். அது யாருக்கும் விளங்கும். அவள் கண் தெரியாதவளாக இருந்தாலும் ஏற்றலாம் என்கிறார்கள். அவளுக்கு எதற்கு வெளிச்சம்? தனக்கு ஏதும் தேவைப்பட்டால் பக்கத்தில் நிற்கிற தோழி பார்த்துச் செய்வாள் என்கிற நிம்மதி அவளுக்கு இருக்கும், அந்த மன அமைதிக்காகவே சட்டத்தைத் தள்ளி வைக்கலாம் என்று விளக்கம். இதை நான் பலமுறை வாசித்தேன். தாயின் மனம் ஆறுதலாக இருப்பது ஆடம்பரம் இல்லை, உயிர் காக்கிற விசயத்தில் சேர்த்தி என்று அத்தனை காலத்துக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்களிடமும் இது கொஞ்சம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி அரைத்துக் கொடுப்பார்கள், வேதுத் தண்ணீர் வைத்துக் குளிக்க வார்ப்பார்கள், பாரம் தூக்க விடமாட்டார்கள். 31ஆம் நாள் துடக்குக் கழியும். 32ஆம் நாள் குடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு வீட்டில் படிப்பிக்கிற கதைக்கு வருகிறேன், எனக்கு அதில்தான் கூட அக்கறை. மூத்தவள் ஆண்டு ஐந்து, புலமைப்பரிசில் சோதனை. அந்த ஒரு சொல்லே போதும், ஊரில் எந்தத் தாயைக் கேட்டாலும் நெஞ்சில் கை வைப்பாள். விடிய ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு வினாத்தாள். வீட்டுப் படிப்பு என்றால் அம்மா தடியோடு பக்கத்தில் இருப்பது என்றாகிவிட்டது.

யூத வீடுகளில் நாளுக்கு இரண்டு முறை சொல்கிற ஒரு பிரார்த்தனை இருக்கிறது, படுக்கப் போகிற பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் பிள்ளைக்கு எப்போது படிப்பிக்க வேண்டும் என்று வருகிறது: வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. மேசை கதிரை போட்டு என்று இல்லை. நடக்கும்போது என்பது எங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். வன்னியில் நாங்கள் நடக்கிற நடை கொஞ்சமா? பஸ் வருகிற ரோட்டுக்கு நடக்கிறோம், வாய்க்கால் வரம்பில் நடக்கிறோம், கோயிலுக்கு நடக்கிறோம்.

இளையவனுக்கு அடியும் அங்குலமும் கழிக்க வராது. கொப்பியில் எத்தனை தரம் போட்டாலும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கத் தெரியாமல் பிழைவிடுவான். மாரியில் ஒரு நாள் வரம்பில் போகும்போது இவர் போனில் யாரோடோ இரணைமடுக் குளத்தில் 31 அடி 9 அங்குலம் என்று கதைத்துக்கொண்டு வந்தார். இரணைமடு இப்போது 36 அடி கொள்ளும். ‘இன்னும் எவ்வளவு ஏறினால் நிரம்பும்?’ என்று சும்மா கேட்டேன். அவன் நின்றுவிட்டான். காலால் சேற்றில் கோடு இழுத்தான், விரலை மடக்கினான், ‘முதலில் மூன்று அங்குலம் ஏறினால் 32 அடி, பிறகு நாலு அடி’ என்றான். கொப்பியில் வராத கழித்தல் குளத்தில் வந்துவிட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வீட்டில் கதைப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, குளம் நிரம்பினால் கதவு திறப்பார்கள், திறந்தால் கீழ்ப் பக்கத்துக்கு என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கு அது கணக்கில்லை, செய்தி.

பாஸ்கா இரவில் அவர்கள் செய்வதைக் கேட்டால் இன்னும் யோசனை வரும். எகிப்தில் அடிமையாக இருந்து வெளியேறிய கதையை ஒவ்வொரு வருடமும் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்கிறார்கள். தொடங்குவது பெரியவர் அல்ல, வீட்டில் ஆகச் சிறிய பிள்ளை: இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை? பிள்ளை நித்திரையாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு துண்டு ரொட்டியை ஒளித்து வைத்துத் தேட விடுவார்கள், கண்டுபிடித்தால் பரிசு. ஹகாடா என்கிற அந்த இரவுப் புத்தகத்தில் நான்கு விதமான பிள்ளைகள் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளை, குறுக்குக் கதை கதைக்கிற பிள்ளை, அப்பாவிப் பிள்ளை, கேள்வி கேட்கவே தெரியாத பிள்ளை. கடைசிப் பிள்ளைக்கு நீயே கதையைத் தொடங்கிவை என்கிறது புத்தகம். எங்கள் பக்கம் கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை குறைவு, கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளைதான் கூட. ‘வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு’ என்று நாங்கள் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். அதற்குக் காரணமும் இருந்தது, வாய் திறந்தால் ஆபத்தான காலம் ஒன்றை நாங்கள் கண்டவர்கள்.

போன வருடம் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற வழியில் புதுக்குடியிருப்புப் பக்கம் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்த இளையவன் கேட்டான், ‘அம்மா, ஏன் அந்தப் பனைக்குத் தலை இல்லை?’ பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டா. நாங்கள் எல்லாரும் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே வைத்திருக்கிறோம், அல்லது மே மாதத்தில் அழுதுகொண்டு சொல்கிறோம். எங்கே எப்படித் தொடங்குவது என்று தெரியாது. அவர்களுடைய பழைய விதிகள் இரண்டு எனக்கு உதவின. பிள்ளையின் புத்திக்கு ஏற்ற அளவு சொல். தாழ்ந்த இடத்தில் தொடங்கி உயர்ந்த இடத்தில் முடி. அன்று வீட்டுக்கு வந்து படுக்கிற நேரம் சொன்னேன். செல் விழுந்து பனை முறிந்தது, நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம், பிறகு முகாமில் இருந்தோம், அங்கே அம்மம்மா மண்ணில் விரலால் எழுதி என் தம்பிக்கு எழுத்துப் படிப்பித்தா, பிறகு திரும்பி வந்தோம், வந்து வைத்த தென்னைதான் இப்போது காய்க்கிறது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: ‘மண்ணில எழுதினா ரப்பர் தேவையில்லை என்ன?’

எழுத்துத் தொடக்கத்திலும் நாங்கள் தூரம் இல்லை. நாங்கள் விஜயதசமியில் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கிறோம். ஐரோப்பிய யூதர்கள் மத்திய காலத்தில் பலகையில் எழுதிய எழுத்துகளுக்கு மேல் தேன் பூசிப் பிள்ளையை நக்க விட்டார்கள். படிப்பு தித்திக்க வேண்டுமாம். அந்தத் தேனுக்கும் புலமைப்பரிசில் வினாத்தாளுக்கும் இடையில் எங்கேயோ எல்லாரும் வழி மாறிவிட்டோம்.

இவ்வளவும் பிள்ளையின் படிப்பு. தாயின் படிப்பு எங்கே? அங்கேயும் நீண்ட காலம் பெண்ணுக்குப் பெரிய புத்தகங்கள் கிடையாது. போலந்தில் கிராகோவ் நகரத்தில் சாரா ஷெனிரர் என்று ஒரு தையற்காரப் பெண் இருந்தா. முதலாம் உலக யுத்தம் தொடங்க 1914இல் இடம்பெயர்ந்து வியன்னாவுக்குப் போனா. அங்கே ஒரு ரபியின் பிரசங்கங்களைக் கேட்டு, எங்கள் பெண் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்து, ஊர் திரும்பி 1917இல் 25 சிறுமிகளோடு ஒரு பள்ளி தொடங்கினா. இருபது வருடத்துக்குள் அது 200க்கும் மேற்பட்ட பள்ளிகளாகப் பெருகியது. இடம்பெயர்ந்த தையற்காரி! தையல் மெசினை உரப்பையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன எத்தனை அக்காமாரை நான் கண்டிருக்கிறேன்.

இன்னும் பழைய ஆள் ஒருவர் ஜெர்மனியில், ஹம்பேர்க்கில். க்ளூக்கல் என்று பெயர். புருசன் 1689இல் இறந்த பிறகு முத்து வியாபாரத்தைத் தானே நடத்தினா, பிள்ளைகளைக் கரை சேர்த்தா, நித்திரை வராத இரவுகளில் துக்கம் அமுக்காமல் இருக்க 1691இல் தன் கதையை எழுதத் தொடங்கினா, யிடிஷ் மொழியில், பிள்ளைகளுக்காக. நாட்குறிப்பு எழுதுங்கள் என்று வீடியோவில் ஒரு பிள்ளை சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. க்ளூக்கல் சொன்னால் வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறா, இரவில் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஏதோ எழுதுவா, யாருக்கும் காட்டமாட்டா. கொச்சியில் இருந்த யூதப் பெண்களும் தங்கள் மலையாளப் பாட்டுகளைக் கொப்பிகளில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்தவர்கள்தான். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போனபோது அந்தக் கொப்பிகளும் கூடவே போயின.

இப்போது அவர்களிடம் நாளுக்கு ஒரு தாள் என்று ஒரு படிப்பு முறை இருக்கிறது. 1923இல் தொடங்கியது. உலகம் முழுக்க எல்லாரும் ஒரே நாளில் தல்மூத்தின் ஒரே தாளைப் படிப்பார்கள், 2,711 தாள், ஏழரை வருடம் கிட்டப் போகும். முதலில் ஆண்கள் மட்டும். 2020 ஜனவரியில் ஒரு சுற்று முடிந்தபோது எருசலேமில் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் கொண்டாடினார்கள். படிப்பதும் தனியாக அல்ல, இருவர் இருவராக. ஒருவர் வாசிக்க மற்றவர் மறுத்துக் கேட்க வேண்டும். ஒத்துப்போகிற சோடி நல்ல சோடி இல்லையாம்.

இதை மச்சாளிடம் சொன்னபோது ‘அப்ப நாங்களும் தொடங்குவம்’ என்றா. தல்மூத் எங்களுக்கு எதற்கு, திருக்குறள் இருக்கிறதே. நாளுக்கு ஒரு குறள், 1,330 குறள், நான்கு வருடத்துக்குள் முடிந்துவிடும். அவ லண்டன் பஸ்ஸில் இருந்து வாசித்து அனுப்புவா, நான் ஆட்டுக்குக் குழை வெட்டுகிற நேரம் பதில் சொல்வேன். ஆறாம் அதிகாரத்திலேயே சண்டை வந்துவிட்டது. ‘தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்’ என்கிற 55ஆம் குறள். அப்படிப்பட்டவள் பெய் என்றால் மழை பெய்யுமாம். ‘அப்பிடியெண்டா இரணைமடு ஏன் ஆவணியில வத்துது, கிளிநொச்சியில ஒரு பத்தினியும் இல்லையோ?’ என்று நான் கேட்டேன். மச்சாள் வள்ளுவருக்காக வக்காலத்து வாங்கினா, நான் விடவில்லை, அது இரண்டு மூன்று நாள் இழுபட்டது. அந்த நாட்களில் எனக்கு முதுகு நோவே தெரியவில்லை. படிப்பு என்பது பிள்ளைக்கு நான் கொடுக்கிற மருந்து என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் யாரோடோ குறளுக்குச் சண்டை பிடிப்பதைக் கேட்டுவிட்டு மூத்தவள் தானே புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள், தடி தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமைக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். முழுநாள் எல்லாம் முடியாது, ஆட்டுக்கும் கோழிக்கும் ஷபாத் விளங்காது. விளக்கு வைத்ததில் இருந்து படுக்கும்வரை மட்டும். மத்தியானமே புட்டு அவித்து, சம்பல் இடித்து, பருப்பும் ஒரு கீரையும் வைத்து மூடிவிடுவேன். விளக்கு வைத்ததும் போன்கள் எல்லாம் அலுமாரிக்குள். இரவு வினாத்தாள் இல்லை, சாப்பிட்ட கோப்பையை அவரவர் கழுவ வேண்டும். ஒழுங்கையில் நாலைந்து பெண்கள் சேர்ந்து, வெள்ளி விளக்கு வைத்த பிறகு ஒருவரிடம் ஒருவர் கைமாற்றுக் கேட்பதில்லை என்றும் பேசி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா அந்த நேரம் எங்கள் முற்றத்துக்கு வந்து பாயைப் போட்டு இருப்பா. பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டோம், சில நேரம் ஊர்வம்பு அளப்போம், அதுவும் தேவைதானே.

மாமிக்கு முதலில் பிடிக்கவில்லை. ‘வெள்ளியும் அதுவுமா வீட்டுப் பொம்பிளை சும்மா இருக்கிறதோ’ என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னா. பிறகு, தனக்கும் அந்த நேரம் ஒருவரும் வேலை சொல்வதில்லை என்பது விளங்கியதும், இப்போது காவல்காரியே அவதான். போன கிழமை இவர் தேத்தண்ணி கேட்டுக் கூப்பிட, நான் எழும்ப முன்னரே மாமி உள்ளே இருந்து குரல் கொடுத்தா: “விளக்கு வைச்சாச்சு தம்பி, கேத்தில் அடுப்படியிலதான் கிடக்கு, உனக்குக் கை இருக்குத்தானே?”

காலபோக அறுவடை வரப்போகிறது. வெட்டுகிற மெசின் எங்கள் வயலுக்கு வெள்ளிக்கிழமைதான் வரும் என்றால் என்ன செய்வது என்று இவர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். மெசின்காரருக்கு இரவுச் சாப்பாடு கொடுத்தே ஆக வேண்டும், அது ஊர் வழக்கம். அன்றைக்குப் புட்டை இவர் அவிக்கலாம், குழலில் மா போடுகிற விதம் நான் பாயில் இருந்தபடியே சொல்லிக்கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் வீட்டுப் படிப்புத்தானே.